பூனைக்கதவும் பெங்களூரின் சுதந்திரவாதிகளும்

பூனை சுதந்திரமான விலங்கு. அதை வீட்டுக்குள் அடைத்து வைப்பது வன்முறை. கதவின் அடியில் மடங்கித் திறக்கும் ஒரு சிறு கதவைப் பொருத்திவிட்டால் அது விரும்பியபோது தெருவுக்குப் போகும், விரும்பியபோது திரும்பி வரும். பெங்களூரில் பூனை வளர்க்கும் படித்த வட்டங்களில், குறிப்பாக ஆய்வு நிறுவனங்களைச் சுற்றி வாடகை வீடுகளில் வாழும் முனைவர் பட்ட ஆய்வாளர்களிடையே, இவ்வாதம் ஏறத்தாழ ஓர் அறக்கோட்பாடாகவே வழங்கி வருகிறது. இதை மறுப்பவர் விலங்கின் மீது அதிகாரம் செலுத்த விழைபவர் என்னும் முத்திரைக்கு ஆளாகிறார். அதிகாரம், தன்னாட்சி, உடல் என்னும் சொற்களை நாள்தோறும் கையாளும் கூட்டத்திற்கு இத்தகைய வாதம் இனிப்பதில் வியப்பில்லை. அந்த இனிப்பை நீக்கிவிட்டு நோக்கினால் எஞ்சுவது, பொறுப்பைத் துறப்பதற்கான நாகரிகமான ஒரு வழி மட்டுமே.

இங்கு முன்வைக்கப்படும் நிலைப்பாடு இரு கூறுகளைக் கொண்டது. மூடிய வீட்டில் வாழும் பூனைக்குப் பூனைக்கதவு தேவை. அதை ஆடம்பரம் என ஒதுக்க இயலாது. ஆனால் பெங்களூரில் அக்கதவு தெருவுக்குத் திறக்கக் கூடாது. அறையிலிருந்து வலையிட்ட பால்கனிக்கோ, சமையலறையை ஒட்டிய 'யுடிலிட்டி'க்கோ திறக்க வேண்டும். முதற்கூற்றை வீட்டு உரிமையாளர்கள் மறுக்கின்றனர். இரண்டாவதைச் சுதந்திரவாதிகள் மறுக்கின்றனர்.

முதலில் வழக்கிலுள்ள மொழியைக் காண்க. பூனையை இழந்தவர்கள் கூறும் தொடர்கள் பெரும்பாலும் ஒரே வடிவில் அமைகின்றன: 'பூனை போய்விட்டது', 'எங்கோ தொலைந்துவிட்டது', 'வண்டியில் அடிபட்டுவிட்டது'. மூன்றிலும் எழுவாய் பூனை. மூன்றிலும் 'விடு' துணைவினை. செயல் முடிந்துபோனது என்பதை மட்டுமே அது உணர்த்துகிறது. அதே 'விடு' முதல்வினையாக வரும் தொடர் ஒன்றும் உண்டு: 'பூனையை வெளியே விட்டார்'. இதில் எழுவாய் மனிதர், பூனை செயப்படுபொருள். நிகழ்ச்சி ஒன்றே. எனினும், முதல்வினை இருந்த இடத்தில் துணைவினை வந்து அமர்ந்ததும் விட்டவர் வாக்கியத்தைவிட்டு வெளியேறிவிடுகிறார். 'குழந்தை தொலைந்துவிட்டது' என்று ஒருவர் கூறினால் கேட்போரின் அடுத்த கேள்வி 'நீங்கள் எங்கே இருந்தீர்கள்?' என்பதாகவே இருக்கும். பூனையைத் தொலைத்தவரிடம் அக்கேள்வி கேட்கப்படுவதில்லை. 'அது சுதந்திரமான விலங்கு' என்னும் தொடர் அக்கேள்விக்கு முன்கூட்டியே விடை கூறிவிடுவதே காரணம்.

பூனைக்கதவு மேலைநாட்டு இறக்குமதி, நம் வீடுகளில் அப்படி எதுவும் இருந்ததில்லை என்போரும் உளர். இருந்ததில்லை என்பது மெய். ஏன் இருந்ததில்லை என்பதே கருதத்தக்கது. முற்றம் வைத்துக் கட்டிய வீட்டிற்குப் பூனைக்கதவு தேவைப்படவில்லை. ஓட்டுக்கூரையின் இடுக்கு, கம்பி மட்டும் வைத்த சன்னல், கொல்லைப்புறக் கதவின் அடியில் தேய்ந்த இடைவெளி என வீடு முழுவதும் பூனைக்கு வழியாகவே இருந்தது. பெங்களூரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான மல்லேஸ்வரம், பசவனகுடியின் ஓட்டு வீடுகளும், பொது முற்றத்தைச் சுற்றி வரிசையாக அமைந்த, கன்னடத்தில் 'வடார' என வழங்கும் குடியிருப்புகளும் அத்தகையவையே. அவ்வீடுகள் இடிக்கப்பட்டு, கொசுவலையும் யு.பி.வி.சி. சன்னலும் கொண்ட அடுக்குமாடிகள் எழுந்தபோது பூனையின் வழி அனைத்தும் ஒருசேர அடைபட்டது. வழியை அடைத்தவர் மனிதர். ஆகவே பூனைக்கதவைச் சலுகை என்று கூறுவது பொருந்தாது. அது மூடிய வீடு பூனைக்குத் தர வேண்டிய கடன்.

ஐரோப்பாவில் இத்துளை பழமையானது என்பதும் இதையே உறுதிப்படுத்துகிறது. குளிருக்காக வீட்டை மூடி வாழ்ந்தவர்கள் பூனைக்கென ஒரு துளையைத் தனியே வெட்ட நேர்ந்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய மாவரைப்பவன் கதையில், பூனை நுழையும் துளை வழியே ஒருவன் அறையை எட்டிப் பார்க்கிறான். எக்சிட்டர் பேராலயத்தில் வானியல் கடிகாரத்திற்குக் கீழுள்ள கதவில் பூனைக்கென வெட்டிய வட்டத் துளை இன்றும் உள்ளது. இவ்வளவுக்குப் பின்னரும், பூனைக்கதவைக் கண்டுபிடித்தவர் நியூட்டன் என்னும் கதை கல்விக்கூடங்களில் ஓயாமல் சொல்லப்படுகிறது. தாய்ப்பூனைக்கு ஒரு பெரிய துளையும் குட்டிக்கு ஒரு சிறிய துளையும் வெட்டினாராம். அவரோடு தங்கி எழுத்தராகப் பணிபுரிந்த ஹம்ப்ரி நியூட்டனோ, அவர் தம் அறையில் நாயோ பூனையோ வளர்க்கவில்லை என்று எழுதிவைத்துள்ளார். ஒரு கூற்று இனிப்பாக இருந்தால் அதைச் சரிபார்க்காமல் பரப்பும் வழக்கம் அறிஞர் கூட்டத்திற்கு விலக்கன்று என்பதற்கு இது சிறு சான்று. 'தெருவே பூனையின் சுதந்திரம்' என்பதும் அவ்வகையில் பரவிய கூற்றே.

அக்கூற்று பிறந்த இடத்தில் தெரு எவ்வாறு இருக்கிறது என்பதையும் காண வேண்டும். பிரிட்டனின் தோட்ட வீட்டில் பூனைக்கதவு இயல்பானது. ஆனால் அந்நாட்டில் ரேபிஸின் உள்நாட்டுப் பரவல் 1922இலேயே ஒழிக்கப்பட்டது. தெருநாய்க் கூட்டம் அங்கு இல்லை. இங்கிலாந்தில் 20 வாரம் நிரம்புவதற்குள் வளர்ப்புப் பூனைக்கு மைக்ரோசிப் பொருத்துவது 2024 ஜூன் 10 முதல் சட்டப்படி கட்டாயம். அங்கு விற்கும் கதவுகளும் வெறும் துளைகளல்ல. உள்ளே மட்டும், வெளியே மட்டும், இருபுறமும், முழுப்பூட்டு என நான்கு நிலைகள் கொண்ட தாழ் உடையவை. தன் வீட்டுப் பூனையின் சிப்பை மட்டும் படித்துத் திறப்பவையும் உண்டு. இவ்வளவு ஏற்பாட்டின் நடுவில் நிற்கும் ஒரு பொருளிலிருந்து துளையை மட்டும் பெயர்த்தெடுத்துப் பெங்களூரின் கதவில் பொருத்திவிட்டு, அதையே விடுதலை என்று அழைப்பதில் கோட்பாட்டுச் செறிவு ஏதுமில்லை. உலகம் முழுவதும் தெருக்கதவையே ஏற்றுக்கொண்டது என்பதும் பிழை. ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில் 2022 ஜூலை 1க்குப் பின் பிறந்த பூனைகளை வளர்ப்போர் தம் எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

பெங்களூரின் தெரு வேறு. உலகில் ரேபிஸால் நிகழும் மனித இறப்புகளில் 36 விழுக்காடு இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மிகப் பெரும்பாலானவை நாய்க்கடியால் நேர்வன என்பது மெய். எனினும் தெருநாயிடம் கடிபட்டு அதே துளை வழியே வீட்டுக்குள் வந்து படுக்கையில் ஏறும் பூனை அச்சங்கிலிக்கு வெளியே நிற்பதில்லை. ரேபிஸ் ஆய்வில் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டுறவு மையமாக விளங்கும் நிம்ஹான்ஸ் இதே நகரில்தான் உள்ளது. அந்நோய் இங்கே பாடநூல் செய்தியாக மட்டும் இல்லை. ஆண்டுதோறும் பூனைக்கு ரேபிஸ் தடுப்பூசி போடாமலே கதவைத் திறந்துவிடுபவர் தம் விருப்பத்தின் விலையை அயலாரின் குழந்தையிடம் வாங்குகிறார்.

அடுத்தது இனப்பெருக்கம். பூனையின் சூல்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். நான்கைந்து மாதத்திலேயே சில பெண்பூனைகள் சினைப்பருவம் எய்திவிடுகின்றன. கருத்தடை அறுவை செய்யாத பூனைக்குத் தெருக்கதவு வைப்பவர் ஓராண்டிற்குள் பத்துக் குட்டிகளுக்குக் காரணமாகலாம். அவற்றுள் பல சாக்கடையிலும் வண்டிச் சக்கரத்திலும் மடியும். 'ஊரில் பூனைகள் எப்போதும் வெளியேதானே திரிந்தன?' என்று கேட்போர் அவ்வூர்களிலேயே நிகழ்ந்த மற்றொன்றையும் நினைவுகூர வேண்டும்: குட்டிகள் பெருகியதும் தாயையும் குட்டிகளையும் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டுவிட்டு வருவது. பழைய ஏற்பாட்டில் பூனைக்கு வழி இருந்தது, பாதுகாப்பு இருந்ததில்லை. அவ்வேற்பாட்டின் திறந்த முற்றத்தை ஏங்கி எழுதுவோர் சாக்கை மறந்துவிடுகின்றனர்.

மூன்றாவது பறவைகளும் சிற்றுயிர்களும். கன்னடத்தின் 'பெக்கு' என்னும் சொல்லும் தமிழின் 'வெருகு' என்னும் சொல்லும் ஒரே வேரின என்பதைத் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி காட்டுகிறது. தமிழில் வெருகு காட்டின் விளிம்பிலேயே நின்றுவிட்டது; கன்னடத்தில் அது வீட்டுக்குள் வந்து பாலருந்துகிறது. சொல் வீட்டுக்குள் வந்ததால் விலங்கின் இயல்பு மாறிவிடவில்லை. மாலைப்பொழுதில் வேலியோரம் வெருகைக் கண்டு குஞ்சுகளைக் கூவியழைக்கும் கோழியைக் குறுந்தொகையின் 139ஆம் பாடல் காட்டுகிறது. அந்தியும் விடியலும் பூனையின் வேட்டைப் பொழுதுகள் என்பதைச் சங்கப் புலவர் அறிந்திருந்தார். இன்றைய சூழலியல் ஆய்வாளரும் அறிவார். அமெரிக்காவில் மட்டும் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என்பது 2013இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான மதிப்பீடு. அவற்றுள் பெரும்பங்கு உரிமையாளரற்ற பூனைகளால் நேர்வது என்பதையும் அதே ஆய்வு கூறுகிறது. ஆனால் உரிமையாளரற்ற பூனை வானிலிருந்து விழுவதில்லை. திறந்த கதவொன்றின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையாகவே அது தெருவில் பிறக்கிறது. பெங்களூரின் ஆய்வு வளாகங்கள் எஞ்சியிருக்கும் சில பசுந்தீவுகளில் அடங்குவன. இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மரங்களில் தேவாங்கு இன்றும் வாழ்கிறது. அத்தகைய வளாகத்தின் மதிலோரம் தெருக்கதவு வைத்துவிட்டுப் பல்லுயிர்ப் பாதுகாப்பு பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை வாசிப்பது எளிதில் விளக்க இயலாத முரண்.

'பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும்' என்பது மாடிவீட்டாரின் ஆறுதல். சஜ்ஜாவிலிருந்து சஜ்ஜாவுக்குத் தாவி இறங்கும் பூனையைத் திறமைசாலி என்று மெச்சுவோர், 1987இல் நியூயார்க்கில் உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி வெளியான ஆய்வையே மேற்கோளாகக் காட்டுவர். 90 விழுக்காடு பிழைத்தன அல்லவா என்பர். அக்கணக்கு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட பூனைகளைப் பற்றியது. விழுந்த இடத்திலேயே இறந்தவற்றை யாரும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதில்லை. மாதிரித் தெரிவின் சாய்வு என்னும் பாடத்தை முதலாண்டிலேயே கற்றவர்கள் தம் பூனை தொடர்பாக மட்டும் அதை மறப்பது ஏன்?

இவ்வளவையும் கூறிய பின், பூனையை அறைக்குள் பூட்டிவிட்டால் போதும் என்னும் முடிவுக்கு எவரேனும் வந்தால் அதுவும் பிழையே. சுதந்திரவாதிகளின் வாதத்தில் உண்மையான கூறு ஒன்று உண்டு. அதை ஒதுக்கக் கூடாது. பகல் முழுவதும் ஆளில்லாத ஓர் அறையில், சன்னல் மூடி, ஏற இடமின்றி, வெயிலும் காற்றும் இன்றி வாழும் பூனை நலமாக வாழ்வதாகக் கொள்ள இயலாது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இவ்விரண்டையும் ஒரே பிரிவிலேயே வைத்துள்ளது. அதன் 11ஆம் பிரிவு, போதிய அசைவுக்கு இடமில்லாத கூண்டில் விலங்கை அடைத்து வைப்பதையும் வதை என்கிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறத்தக்க நிலையில் தக்க காரணமின்றிக் கைவிடுவதையும் வதை என்கிறது. முதல் குற்றத்திற்கு அச்சட்டம் விதிக்கும் தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்பது வேறு வெட்கம். சட்டம் அஞ்சத்தக்கதாக இல்லையெனினும் அதன் தருக்கம் தெளிவானது: அடைப்பதும் கைவிடுவதும் எதிரெதிர்த் துருவங்களல்ல, பேணாமையின் இரு வடிவங்கள்.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழியே உள்நோக்கிய பூனைக்கதவு. பெங்களூர் வீடுகளில் அதற்குரிய இடம் ஏற்கெனவே அமைந்துள்ளது. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரமும் பாத்திரத் தொட்டியும் இருக்கும் யுடிலிட்டி பெரும்பாலும் கிரில் இட்டது; காற்றும் வெயிலும் வருவது. கிரில்லின் உட்புறம் தரை முதல் கூரை வரை துருப்பிடிக்காத கம்பிவலை அடித்தால் அது பூனையின் முற்றமாகிவிடும். புறாவுக்காகக் கட்டும் மெல்லிய நைலான் வலையைப் பூனை கடித்து அறுத்துவிடக் கூடும். அதை நம்புதல் கூடாது. லிட்டர் தட்டை அங்கு ஒரு மூலையிலும், சுவரில் இரண்டு மூன்று பலகைகளை ஏறுபடிகளாகவும் வைக்கலாம். துணி இயந்திரத்தின் மூடி எப்போதும் மூடியிருக்க வேண்டும். இயக்கும் முன் உள்ளே பூனை உறங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

வாடகைதாரர் கதவை அறுக்க இயலாது என்பது நியாயமான தடை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கமுள்ள நகரில் தேக்குக் கதவில் வாள் வைப்பவர் அத்தொகையை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் கதவை அறுக்கவே தேவையில்லை. நகரும் சன்னலில் கொசுவலைச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, அதே தடத்தில் அதே உயரத்திற்கு ஒரு பிளைவுட் அல்லது அக்ரிலிக் பலகையை நிறுத்தி, அதில் பூனைக்கதவைப் பொருத்தலாம். சன்னலுக்கு இருபுறமும் நிற்க ஒரு பலகை வேண்டும். யுடிலிட்டிக் கதவு மலிவான பி.வி.சி. கதவாயின் அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு அளவெடுத்து மாற்றுக் கதவு செய்துகொள்ளலாம். வீடு காலி செய்யும் நாளில் பழையது பழைய இடத்திற்குப் போகும். அட்வான்ஸும் முழுதாகத் திரும்பும். உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, ஒப்புதலை எழுத்தில் பெறுவது இருவர்க்கும் நல்லது. வளர்ப்பு விலங்கே கூடாது எனத் தடைவிதிக்கும் அதிகாரம் அசோசியேஷன்களுக்கு இல்லை என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த உரிமையைக் கோருபவருக்கு, அண்டை வீட்டாரின் பால்கனியில் தம் பூனை சிறுநீர் கழிக்காமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் உண்டு. தெருக்கதவு அக்கடமையைத் தகர்க்கிறது. அசோசியேஷனின் கையில் ஆயுதத்தைக் கொடுப்பதும் அதுவே.

அளவில் கவனம் தேவை. திறப்பின் அடிவிளிம்பு பூனையின் வயிற்று மட்டத்திற்கு இருக்க வேண்டும். வளர்ந்த பூனைக்குத் தரையிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. அதற்கு மேல் வைத்தால் பூனை குதிக்க நேரும். கீழே வைத்தால் குனிந்து ஊர நேரும். இருபுறத் தரையும் ஒரே மட்டத்தில் இல்லாதபோது தாழ்ந்த புறத்தில் படி வைக்க வேண்டும். மறுபுறம் என்ன இருக்கிறதென்று பார்த்த பின்னரே பூனை நுழையும். எனவே மடல் ஒளி ஊடுருவுவதாக இருத்தல் நலம். பெங்களூரின் மழைக்காலக் காற்றில் மடல் ஓயாமல் அடித்துக்கொண்டால் அச்சத்தம் ஒன்றே பூனையை விரட்டப் போதும். விளிம்பில் காந்தமோ தூரிகைப் பட்டையோ வேண்டும்.

பொருத்திய பின் பழக்குதல். பெரும்பாலோர் பூனையைத் தூக்கி, தலையைத் துளைக்குள் திணித்து, பின்னாலிருந்து தள்ளுகின்றனர். சிலர் ஒரு வேளை பட்டினி போட்டு மறுபுறம் உணவை வைக்கின்றனர். இம்முறைக்கு அறிவியலின் வரலாற்றில் ஒரு முன்னோடி உண்டு. எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் வெளியிட்ட முனைவர் பட்ட ஆய்வில், கடும் பசியிலிருந்த பூனைகளை மரச்சட்டப் பெட்டிகளில் அடைத்து, கயிற்றை இழுத்தோ மிதியை அழுத்தியோ வெளியேற அவை எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கின்றன என அளந்தார். கற்றல் என்பது தற்செயலாக நேர்ந்த வெற்றி மெல்லப் பதிவது என்னும் அவர் முடிவு உளவியலின் அடித்தளங்களில் ஒன்றாயிற்று. பின்னர் 1946இல் கத்ரியும் ஹார்ட்டனும் தம் பெட்டியின் நடுவிலிருந்த கோலில் பூனைகள் ஒரே வகையாக உடலை உரசி வெளியேறியதைக் கண்டு, அது கற்றலின் விளைவு என எழுதினர். 1979இல் மூரும் ஸ்டட்டார்டும் 'சயின்ஸ்' இதழில் அதற்கு விடையளித்தனர். பரிசே இல்லாதபோதும் பூனைகள் கோலில் உரசின; எதிரே மனிதர் நின்றபோது மட்டும் உரசின. அது பூனை மனிதரை வரவேற்கும் முறை. முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கற்றலின் சான்றாகக் காட்டப்பட்டது, ஆய்வாளரைக் கண்டு பூனை கூறிய வணக்கமாக இருந்தது.

பூனைக்கதவுக்கு இவ்வரலாறு தரும் பாடம் நேரடியானது. பூனையை நகர்த்துவது பசி மட்டுமன்று. மறுபுறம் யார் இருக்கிறார் என்பதும் ஆகும். தள்ளப்பட்ட பூனை கற்றுக்கொள்வது கதவை அன்று, தள்ளிய கையை. ஆகவே முறை இவ்வாறு அமைய வேண்டும். முதல் சில நாட்கள் மடலை முழுவதும் உயர்த்தி நாடாவால் ஒட்டிவிட வேண்டும். துளை வெறும் வழியாக இருக்கட்டும். வளர்ப்பவர் மறுபுறம் அமர்ந்து, பெயர் சொல்லி அழைத்து, விருப்பமான உணவைச் சிறிதளவு தரலாம். வழக்கமான உணவைக் குறைக்கக் கூடாது. தயங்காமல் போய்வரத் தொடங்கிய பின் மடலைக் கால்பங்கு தாழ்த்தலாம், பின்னர் பாதி, பின்னர் முதுகில் உரசும் அளவு. இறுதியில் முழுவதும் மூடி, முதல் சில முறை ஒரு மூலையைக் கையால் சற்றே தூக்கிக் காட்டலாம். காந்தப் பூட்டும் சிப் வாசிப்பானும் உள்ள கதவாயின், 'டிக்' என்னும் ஒலி பழகும் வரை அவற்றை இயக்காமல் விடுதல் நன்று. சில பூனைகள் இரண்டு நாளில் பழகும். சில ஒரு மாதம் எடுக்கும். பின்வாங்கினால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். இரண்டு பூனைகள் உள்ள வீட்டில் ஒன்று துளையின் முன் காவலிருந்து மற்றதை மறிக்கக் கூடும்; அங்கு இரண்டாவது வழியும் இரண்டாவது லிட்டர் தட்டும் வேண்டும். தன்னாட்சி பற்றிப் பேசுவோருக்கு அதைக் கடைப்பிடிக்கும் இடம் இதுவே: பூனை மறுக்கும்போது காத்திருப்பது.

இறுதியாக, இவ்விவாதத்தில் எவரும் வெளிப்படையாகக் கூறாத ஒன்று எஞ்சியுள்ளது. முனைவர் பட்ட ஆய்வு ஐந்தாறு ஆண்டுகள் நீள்வது; பூனை பதினைந்து ஆண்டுகள் வாழ்வது. முதலாண்டின் தனிமையில் வளாகத்துக் குட்டியொன்றை எடுத்து வளர்ப்பவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வேறு நகருக்கோ வேறு நாட்டிற்கோ பெயர்கிறார். அந்நாளில் தெருக்கதவு அவருக்குக் கைகொடுக்கிறது. 'அது ஏற்கெனவே பாதி தெருப்பூனைதான்', 'அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் சாப்பிடுகிறது', 'அதன் இடத்தைவிட்டு அதைப் பெயர்ப்பது கொடுமை'. இவையெல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாகும்படி ஐந்தாண்டு கதவைத் திறந்து வைத்தவர் அவரே. தவணை முறையில் நிகழ்ந்ததால் இந்தக் கைவிடல் கைவிடலாகத் தோன்றுவதில்லை. சாக்கு இல்லை, ஆறு இல்லை. ஒரு துளையும் ஒரு கோட்பாடும் போதுமாயின. வீடு காலியான பின் மூடிய கதவின் முன் வந்து அமரும் பூனைக்கு அக்கோட்பாடு விளங்காது.

பூனை வளர்க்க விரும்பும் ஆய்வாளரிடம் கேட்க வேண்டியவை சிலவே. ஆறு மாதத்திற்குள் கருத்தடை, ஆண்டுதோறும் தடுப்பூசி, வசதியுள்ளோர் மைக்ரோசிப்பும் பொருத்தலாம். துளை வெட்டும் முன் வலை. அந்தியில் கதவுக்குத் தாழ். நகரைவிட்டுப் பெயரும் நாளுக்கு, பூனையை உடன் அழைத்துச் செல்லும் ஏற்பாடு அல்லது அதை ஏற்கும் ஒருவரின் பெயர்; அப்பெயர் முதலாண்டிலேயே தெரிந்திருக்க வேண்டும், கடைசி வாரத்தில் தேடப்படக் கூடாது. இவற்றுக்கு இயலாதவர் பூனை வளர்க்காமல் இருப்பதும் ஓர் அறமே. வளாகத்துப் பூனைகளுக்குக் கருத்தடை செய்விக்கும் பணியில் ஒரு மாத உதவித்தொகையின் சிறு பகுதியைச் செலவிட்டாலும் அது பூனைகளுக்குச் செய்யும் பெரிய தொண்டு. இவற்றையெல்லாம் ஏற்றவர் தச்சரை அழைத்துத் தயங்காமல் பூனைக்கதவு பொருத்தட்டும். அது எப்பக்கம் திறக்கிறது என்பதை மட்டும் அயலாரும் சக ஆய்வாளரும் தயங்காமல் கேட்கட்டும்.